ரொட்டிக்காரர் வீட்டுத் தூக்கம்

ரொட்டிக்காரர் வீட்டில் சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே ஜன்னல் திரையை இழுத்து விட்டுப் படுத்துவிடுவார்கள். தெருவில் பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருக்கும். எதிர்வீட்டில் அப்போதுதான் டீ போடுவார்கள். இவர்கள் வீட்டில் குறட்டை கேட்கும். ஊரெல்லாம் முதல் தூக்கத்தில் புரண்டு படுக்கிற நேரத்தில் இவர்கள் எழுந்து முகம் கழுவி, பின்பக்கப் படி இறங்கி, மாவுத் தொட்டியின் மூடியைத் திறப்பார்கள். மற்றவர்களுக்கு விடியும்போது இவர்களுக்குப் பாதி நாள் போயிருக்கும்.

இதனால் ரொட்டிக்காரருக்கும் அவர் மனைவிக்கும் சொந்தபந்தங்கள் மத்தியில் ஒரு பெயர் உண்டு. எந்த விசேஷத்துக்கு அழைத்தாலும் வருவார்கள், வாய் நிறையப் பேசுவார்கள், பந்திக்கு முன்னால் தூங்கிப்போவார்கள். தங்கள் கல்யாண வரவேற்பிலேயே தூங்கியவர்கள் அவர்கள். மனைவியும் ரொட்டிக்கடைக்காரர் மகள்தான். கல்யாண ஆல்பத்தில் கடைசிப் பக்கங்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள். வெட்கம் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

அந்த வீட்டில் பிறந்த ஒரே பெண்ணும் அந்தக் கணக்கிலேயேதான் வளர்ந்தாள். மாவு மூட்டை மேல் உட்கார்ந்து, அடுப்புச் சூட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு பாடம் படித்தாள். கை கால் முளைத்த நாளிலிருந்து பன் உருட்டினாள். கடையில் வேலை செய்கிறவர்கள் அவளுக்குப் ‘பன்னு’ என்று பெயர் வைத்தார்கள், அதுவே நிலைத்தது. அப்பாவும் மகளும் வேலை பார்த்துக்கொண்டே ஓயாமல் பேசுவார்கள். மாவு புளிப்பதைப் பற்றி, பக்கத்துக் கடைக்காரரின் புது மீசையைப் பற்றி, செத்துப்போனால் என்ன ஆகும் என்பதைப் பற்றி. அம்மா நடுவில் வந்து, “வாய் வேலை செய்யறதுல பாதியாவது கை செய்யட்டும்” என்பாள்.

பன்னு பள்ளிக்கூடம் முடித்து, ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்து போகவேண்டிய பெரிய நகரத்துப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கச் சேர்ந்தாள். சேர்த்துவிட்டு வந்த மறுநாள், முதல் ஈடு அடுப்புக்குள் போனதும் ரொட்டிக்காரருக்குப் பேச ஆள் இல்லை. கொஞ்ச நேரம் அடுப்புக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மாவுக் கையோடு போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

பேச்சு நாளாக ஆக மாறியது. முதல் வாரம் வகுப்பு, வாத்தியார் என்று பேசியவள் போகப்போக, “கடையில இன்னிக்கு யார் வந்தாங்கப்பா?” என்று மட்டும் கேட்க ஆரம்பித்தாள். ஒருநாள் அழுதுவிட்டாள்.

“அப்பா, முதல் வருஷப் பிள்ளைங்களோட அப்பா அம்மாவுக்குன்னு சனி ஞாயிறு வரவேற்பு வெச்சிருக்காங்க. ரெண்டு பேரும் வாங்க. பஸ்ல வராதீங்க. கடை வண்டிய எடுத்துட்டு வாங்க.”

“எதுக்கும்மா கடை வண்டி?”

“என் சாமானையெல்லாம் ஏத்தணும்ல.”

ரொட்டிக்காரர் அடுப்புக் கதவைத் திறந்து பார்த்தார். அடுப்புக்குள் ரொட்டி சிவந்துகொண்டிருந்தது.

“யாருமே என்கிட்ட பேசறதில்லப்பா. ரூம்ல ரெண்டு பேர் இருக்காங்க. நான் உள்ள வந்து கட்டில்ல உக்காந்தா, ஒருத்தர ஒருத்தர் பார்த்துட்டு எந்திரிச்சு வெளிய போயிடறாங்க. தினமும். நான் என்னப்பா பண்ணேன் அவங்கள? நான் வந்துடறேன். உங்ககூடவே கடையில இருக்கேன். அம்மாகிட்ட இப்பச் சொல்லாதீங்க, இங்க வந்தப்புறம் சொல்லிக்கலாம்.”

ரொட்டிக்காரருக்கு நெஞ்சு அடைத்தது உண்மை. பெற்ற பெண் ஆள் அரவமற்ற இடத்தில் நிற்கிற மாதிரி அழுதால் எந்த அப்பனுக்குத்தான் அடைக்காது? ஆனால் அந்த அடைப்புக்குக் கீழே, சொல்லவே கூசுகிற மாதிரி, ஒரு சந்தோஷமும் எட்டிப்பார்த்தது. பன்னு திரும்பி வரப்போகிறாள். மறுபடியும் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து பேசப்போகிறாள். அந்தச் சந்தோஷத்தை அவர் திட்டி உள்ளே தள்ளினார். அது போவேனா என்றது.

வெள்ளிக்கிழமை கடையை மச்சானிடம் ஒப்படைத்தார். மனைவி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, வண்டியின் பின்பக்கம் தட்டு அடுக்குகிற இரும்புச் சட்டங்களையெல்லாம் கழற்றிக் கடைக்குள் சாத்தினார். ஒரு கட்டிலையே ஏற்றலாம் போல வண்டி வெறுமையாக இருந்தது.

“என்ன சத்தம்?” என்று உள்ளிருந்து கேட்டாள்.

“சும்மா கழுவலாம்னு.”

“கழுவுங்க, கழுவுங்க” என்றாள் மனைவி.

*

அழைப்பில் ‘சனிக்கிழமை காலை வருகை’ என்று போட்டிருந்தது. காலை என்றால் எது காலை என்று அவர்கள் இரண்டு பேருக்கும் சந்தேகமே வரவில்லை. வழியில் ஒரு விடுதியில் படுத்து எழுந்து, தாமதமாகிவிடக் கூடாதே என்று வண்டியை விரட்டி, பல்கலைக்கழக வாசலில் வந்து நின்றபோது வானத்தில் நட்சத்திரம் இருந்தது. இரும்புக் கதவு பூட்டியிருந்தது. காவல்காரர் போர்வையோடு வெளியே வந்தார்.

“என்ன டெலிவரியா? கேண்டீனுக்குப் பின் வாசல்.”

“டெலிவரி இல்லீங்க. நாங்க பெத்தவங்க” என்றார் ரொட்டிக்காரர்.

“யாரைப் பெத்தவங்க?”

“முதல் வருஷம் படிக்குது எங்க பொண்ணு. காலையில வரச் சொல்லியிருந்தாங்க.”

காவல்காரர் வானத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், இரண்டு பேரையும் பார்த்தார். “இதுவாய்யா காலை?”

“எங்களுக்கு இது மத்தியானம் மாதிரிங்க” என்றாள் மனைவி, சங்கடத்தோடு. “முதல்ல கொஞ்சம் ரொட்டி சாப்பிடுங்க.” மடியிலிருந்த கூடையைத் திறந்தாள். கதவு திறக்க அதற்கு மேல் தாமதமாகவில்லை.

காவல்காரர் வெண்ணெய் ரொட்டியை மென்றுகொண்டே விசாரித்தார். ரொட்டிக்கடை என்றதும் அவருக்கு ஏதோ விளங்கியது. “பெண்கள் விடுதியில ஒரு பொண்ணு தினமும் இந்நேரத்துக்குப் படிக்கட்டுல வந்து தனியா உக்காந்திருக்கும். நானும் ரோந்து வர்றப்ப பார்ப்பேன். கையில போன வெச்சுட்டு உக்காந்திருக்கும். அதுவா உங்க பொண்ணு?”

ரொட்டிக்காரர் பதில் சொல்வதற்குள் பன்னு ஓடிவந்துவிட்டாள். காலில் செருப்பில்லை. அம்மாவைக் கட்டிக்கொண்டாள், அப்பாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு, அம்மா கூடையை மூடக் குனிந்த நேரத்தில், வண்டியின் பின் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். சட்டங்கள் இல்லாததைக் கண்டதும் அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தாள். மெலிந்துபோயிருந்தாள் என்பது அப்பாவின் கட்சி. அதெல்லாம் இல்லை, உயரமாகியிருக்கிறாள் என்பது அம்மாவின் கட்சி.

*

நிஜமான காலை வர வெகுநேரம் ஆனது. வந்த பிறகு பல்கலைக்கழகம் கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு குடும்பம். கழுத்தில் அட்டை மாட்டிய மாணவர்கள் வழிகாட்டினார்கள். அப்பாக்கள் கட்டடங்களை விலை பேசுகிறவர்கள் மாதிரி அண்ணாந்து பார்த்தார்கள். அம்மாக்கள் சாப்பாட்டைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் கேட்டார்கள்.

பன்னுவின் அறை மூன்றாவது மாடியில் இருந்தது. உள்ளே மூன்று கட்டில்கள். ஒன்றில் நெட்டையாக ஒரு பெண், இன்னொன்றில் சுருட்டை முடிக்காரி ஒருத்தி. இரண்டு பேரும் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வணக்கம் சொன்னார்கள். ரொட்டிக்காரர் அவர்களை முறைத்தார். என் பெண்ணை அழவைத்தவர்கள் இவர்கள்தானா என்று பார்த்தார். பார்த்தால் சாதாரணப் பிள்ளைகளாக இருந்தார்கள். நெட்டைக்காரி போர்வைக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டு கொட்டாவி விட்டாள். அவர் மனைவி இரண்டு பேருக்கும் பன் கொடுத்தாள். அவர்கள் தின்ற வேகத்தைப் பார்த்து இன்னும் இரண்டு கொடுத்தாள். பன்னுவின் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி பூட்டுப் போட்டுத் தயாராக இருந்தது. அதை ரொட்டிக்காரர் மட்டும் பார்த்ததாக நினைத்துக்கொண்டார்.

பிறகு உயிரியல் துறைக்குப் போனார்கள். நீளமான மேசைகளில் நுண்ணோக்கிகள் வரிசையாக இருந்தன. அவரவர் பெற்றோருக்கு அவரவர் பிள்ளையே ஏதாவது காட்டவேண்டும் என்று பேராசிரியை சொல்லியிருந்தார். பன்னு ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து, திருகைத் திருகி, “பாருங்கப்பா” என்றாள்.

“கறுப்பாக் கம்பி கம்பியாத் தெரியுது.”

“அது உங்க இமை முடிப்பா. கொஞ்சம் தள்ளி வெச்சுப் பாருங்க.”

தள்ளி வைத்துப் பார்த்தார். வெளிச்ச வட்டத்துக்குள் குட்டிக் குட்டி உருண்டைகள் மிதந்தன. சில உருண்டைகளின் இடுப்பில் இன்னும் சின்ன உருண்டை ஒட்டியிருந்தது.

“என்னம்மா இது?”

“ஈஸ்ட்டுப்பா. நம்ம ஈஸ்ட்டு.”

ரொட்டிக்காரர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார், மறுபடியும் குனிந்து பார்த்தார். “இத்தன வருஷம் ஒண்ணாப் பொழைக்கிறோம். இன்னிக்குத்தான் முகத்தையே பார்க்கறேன்” என்றார்.

மனைவியும் பார்த்தாள். “இத்தனூண்டா? இதுக்காகவா ஒருநாள் கூட நிம்மதியாத் தூங்க விடாம நம்மள எழுப்பி உக்கார வெச்சிருக்கு?”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வேறு ஒரு மாணவனின் அப்பா, “எனக்கும் காட்டும்மா” என்று வந்தார். இன்னொரு அம்மா வந்தாள். பன்னு ஒவ்வொருவருக்கும் திருகைத் திருத்தி, அந்த உருண்டை எதைத் தின்கிறது, எப்படி மூச்சு விடுகிறது, அந்த மூச்சுதான் மாவை எப்படித் தூக்குகிறது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். சொல்லும்போது குரல் ஏறியது. அடுப்பு முன்னால் பேசுகிற அதே குரல். ஆனால் ரொட்டிக்காரரோடு பேசுகையில் அது இவ்வளவு தூரம் ஏறியதில்லை. அவர் மெல்லப் பின்னால் நகர்ந்து சுவரோரம் நின்றுகொண்டார். மகளைச் சுற்றிக் கூட்டம் நின்றது. பெருமையாகத்தான் இருந்தது. பெருமையாக இருந்ததே அவருக்குக் கஷ்டமாகவும் இருந்தது, ஏனென்றால் வெளியே வண்டியில் சட்டங்களைக் கழற்றி வைத்திருந்தார்.

மதியம் அம்மா சாப்பாட்டுக்கூடத்தைப் பார்க்கப் போனாள். அப்பாவும் மகளும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

“உனக்கு இங்க பிடிச்சுத்தானம்மா இருக்கு?”

“வகுப்பு பிடிச்சிருக்குப்பா.”

“அப்புறம்?”

“வகுப்பு சாயங்காலம் முடிஞ்சுடுதே. அதுக்கப்புறம் என்ன பண்றது? சாப்பாட்டுக்கூடம் திறந்ததும் முதல் ஆளா நான் மட்டும் போய்ச் சாப்பிடறேன். எல்லாரும் வர்றப்ப எனக்குக் கண்ணு சொக்கிடுது. அப்புறம் ரூம். ரூமுக்குப் போனா அவங்க வெளிய போயிடறாங்க.” பெஞ்சின் பெயர்ந்த வண்ணத்தை நகத்தால் சுரண்டினாள். “உங்களுக்கு இஷ்டமில்லையாப்பா நான் வர்றது?”

“அடிப் பைத்தியம். எனக்கா இஷ்டமில்ல?” என்றார். என்னை மட்டும் கேட்டால் இப்போதே ஏற்றிக்கொண்டு போவேன் என்று வாய் வரை வந்தது. நுண்ணோக்கியைச் சுற்றி நின்ற கூட்டம் நினைவுக்கு வர, “நாளைக்குக் காலையில பார்த்துக்கலாம்” என்று மட்டும் சொன்னார்.

*

சாயங்காலம் பெரிய கூடத்தில் விருந்து. வட்ட மேசைகள், வெள்ளைத் துணி, பளபளவென்று தட்டுகள். ஒரே அறைப் பெண்களுக்கு ஒரே மேசை. நெட்டைக்காரியின் வீட்டிலும் சுருட்டைக்காரியின் வீட்டிலும் யாரும் வர முடியவில்லை, அதனால் இரண்டு பேரும் ரொட்டிக்காரர் குடும்பத்தோடு உட்கார்ந்தார்கள். சூப் வந்தது. துணைவேந்தர் பேச எழுந்தார். நல்ல மனிதர், நன்றாகவும் பேசினார், ஆனால் கொஞ்சம் அதிகமாகப் பேசினார். ரொட்டிக்காரர் தொடையைக் கிள்ளிக்கொண்டார். மனைவி தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் வைத்துக்கொண்டாள். அதோடு விட்டிருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பார்கள். பல்கலைக்கழகத்தின் வரலாற்றைப் படமாகக் காட்டுகிறோம் என்று விளக்கையும் அணைத்துவிட்டார்கள்.

அவ்வளவுதான்.

படம் முடிந்து விளக்கு எரிந்தபோது ரொட்டிக்காரர் நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்து வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். மனைவி அவர் தோளில் சாய்ந்து தூங்கினாள். பன்னு சூப்புக் கிண்ணத்தை ஒதுக்கிவிட்டு மேசைமேல் கன்னத்தை வைத்துத் தூங்கினாள். கூடம் கைதட்டத் தொடங்கியது. அந்தச் சத்தம் ரொட்டிக்காரரின் கனவில் என்னவாகக் கேட்டதோ, துள்ளி எழுந்து, “அடுப்பு! கருகுது, கதவத் திற!” என்று கத்தினார்.

கைதட்டல் நின்றது. கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பிறகு மேடையிலிருந்த துணைவேந்தரே முதலில் சிரித்தார், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். ரொட்டிக்காரருக்கு மானம் போனது. இத்தனை பேர் முன்னால் மகளுக்குத் தலைகுனிவு தேடித் தந்துவிட்டோமே என்று கூசிப்போய் உட்கார்ந்தார். பன்னு முகம் சிவந்து பிளேட்டையே பார்த்தாள்.

நெட்டைக்காரி மட்டும் அதற்குப் பிறகும் வாயைப் பொத்திக்கொண்டு விக்கி விக்கிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. “அங்கிள், உங்க குடும்பமே இப்படித்தானா?”

“எப்படிம்மா?”

“இவ வெளிச்சம் போறதுக்குள்ள படுத்துடறா. கோழி மாதிரி. நாங்க என்ன பண்றது? லைட்டப் போட்டா இவளுக்குத் தூக்கம் கெடும், பேசினாலும் கெடும். அதான் புத்தகத்தத் தூக்கிட்டு வராண்டாவுல போய்த் தரையில உக்காந்துக்கறோம். சேர்ந்த நாள்லேருந்து. என் முதுகே போச்சு அங்கிள்.”

பன்னு நிமிர்ந்தாள். “அதுக்கா வெளிய போனீங்க?”

“வேற எதுக்கு?”

“என்னப் பிடிக்காம...”

“எங்களுக்கா? உனக்குத்தான் எங்களப் பிடிக்கலன்னு நினைச்சோம்” என்றாள் சுருட்டைக்காரி. “நாங்க பேச்சு எடுத்தாலே கண்ண மூடிக்கற. காலையில முழிச்சுப் பார்த்தா உன் கட்டில் காலியாக் கிடக்கு. எங்க மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னே போயிடறான்னு இவ ஒருநாள் அழுதா தெரியுமா?”

“நான் அழல” என்றாள் நெட்டைக்காரி.

“அழுதே.”

“ஐயோ, நான் அறைக்குள்ள நடமாடினா உங்களுக்குத் தூக்கம் கலையுமேன்னுதான் படிக்கட்டுல போய் உக்காருவேன்” என்றாள் பன்னு.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்திக்காக இரண்டு பேர் வராண்டாவில், இரண்டு பேருக்காக ஒருத்தி படிக்கட்டில். நல்ல கட்டில் மூன்றும் பாதி நேரம் காலி. இதைவிட முட்டாள்தனமான மரியாதையை ரொட்டிக்காரரின் மனைவி தன் வாழ்க்கையில் பார்த்ததில்லை. “புத்திசாலிப் பிள்ளைங்கன்னு சொல்லித்தான உங்களச் சேர்த்தாங்க?” என்றாள்.

“இல்ல ஆன்ட்டி, நாங்க வேற ஒண்ணும் நினைச்சோம்” என்று சுருட்டைக்காரி குரலைத் தாழ்த்தினாள். “தினமும் விடியறதுக்கு முன்னாடி போன்ல யார்கிட்டயோ ரகசியமாப் பேசறாளே. பையன் யாரோ இருக்கான்னு...”

“சீ! அது எங்க அப்பா!”

மேசை குலுங்கச் சிரித்தார்கள். ரொட்டிக்காரரும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்கு ஏதோ உறைத்தது. “ஏம்மா, நான் கூப்பிடறதுக்காகவா நீ அந்நேரத்துக்கு எந்திரிக்கற?”

“பின்ன? நீங்க அடுப்பு முன்னாடி தனியா நிப்பீங்களேப்பா. அதனாலதான் சீக்கிரமாப் படுத்துடறேன்.”

“நீ எப்பவும்போல முழிச்சுட்டுத் தனியா உக்காந்திருப்பியேன்னுதாம்மா நான் கூப்பிட்டேன்.”

ரொட்டிக்காரர் அதற்கப்புறம் சாப்பிடவில்லை. தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது. மகளை இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டு, ஒரு போனில் கயிறு கட்டித் தன் அடுப்படியிலேயே தினமும் பிடித்து வைத்திருந்தவர் வேறு யாருமில்லை, அவரேதான்.

விருந்து முடிந்து எழுந்தபோது நெட்டைக்காரி பன்னுவின் கையைப் பிடித்து இழுத்தாள். “இன்னிக்கு நீ தூங்கவே கூடாது. கண்ண மூடினா தண்ணிய ஊத்துவேன்.” பன்னு சிரித்தாள். போகும்போது அப்பா பக்கம் திரும்பி, மெதுவாக, “பெட்டி கட்டி வெச்சிருக்கேன்ப்பா. காலையில வரேன்” என்றாள். எந்தப் பக்கம் சாய்கிறாள் என்று அவள் முகத்திலிருந்து அவருக்குப் படிக்கத் தெரியவில்லை.

*

விருந்தினர் விடுதி அறையில் மனைவி கட்டிலில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள்.

“வண்டியக் கழுவினீங்களே, நல்லாக் காஞ்சுதா?”

ரொட்டிக்காரர் கையும் களவுமாக மாட்டிக்கொண்டு நின்றார். “தெரியுமா உனக்கு?”

“தட்டுச் சட்டத்த எல்லாம் கழட்டிக் கடைக்குள்ள சாத்திட்டு வண்டி கழுவறேன்னா, நான் என்ன நேத்துப் பொறந்தவளா? கட்டிலுக்கு அடியில பெட்டியையும் பார்த்தேன்.”

“அவ ரொம்ப அழுதா. அதான்...”

“அவ அழுதா. நீங்க ஏன் சட்டத்தக் கழட்டறப்ப விசிலடிச்சீங்க?”

விசிலடித்தது அவருக்கே தெரியாது. தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். “எனக்கு அவ இல்லாம முடியலடி” என்றார்.

மனைவி அதட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அதட்டவில்லை. “எனக்கு மட்டும் முடியுதா? என்னைய எங்க அப்பா படிப்ப நிறுத்தி மாவு பிசைய வெச்சாரு. அவருக்கும் நான் இல்லாம முடியலதான். பாசத்துலதான் பண்ணாரு. அதனால அவர் மேல கோபம்கூடப் பட முடியல என்னால.” சீப்பைக் கீழே வைத்தாள். “நாளைக்கு அவ பெட்டியோட வந்து நின்னா நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். கூட்டிட்டுப் போவோம். ஆனா நீங்க மாடி ஏறிப் போய்ப் பெட்டியத் தூக்கிட்டு வரக்கூடாது. வர்றதுன்னா அவளே தூக்கிட்டு வரட்டும்.”

“சரி” என்றார்.

“சத்தியமா?”

“சரின்னு சொல்றேன்ல.”

*

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியைப் பெண்கள் விடுதிக்கு எதிரில் நிறுத்திக் காத்திருந்தார்கள். கிளம்பலாம் என்று மகளிடம் சொல்லியிருந்த நேரம் வந்தது, போனது. வெயில் படியேறியது. மற்ற குடும்பங்கள் கட்டிப்பிடித்து, அழுது, சிரித்து, கார் ஏறிப் போய்க்கொண்டிருந்தன. ரொட்டிக்காரர் வண்டியின் கதவைத் திறந்தார், மூடினார். படிக்கட்டு வரை போனார். மனைவி தொண்டையைச் செருமினாள். திரும்பி வந்தார்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. வந்தது நெட்டைக்காரி. தலை கலைந்து, கண் சிவந்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

“அங்கிள், மன்னிச்சுடுங்க. விடிய விடியப் பேசிட்டே இருந்தோம். அவ பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டேங்கறா. மாவு புளிக்கறது, பக்கத்துக் கடைக்காரர் மீசை, செத்துப்போனா என்ன ஆகும்னு... கொஞ்சம் முன்னாடிதான் தூங்கினா. நானும் ரெண்டு தடவை தட்டிப் பார்த்துட்டேன். தண்ணி தெளிச்சு எழுப்பட்டுமா?”

ரொட்டிக்காரர் வண்டிக் கதவிலிருந்து கையை எடுத்தார். அவர் மனைவிதான் கேட்டாள். “பெட்டி கட்டி வெச்சிருந்தாளேம்மா?”

“அதுவா? குளிருதுன்னு அவளே திறந்து எங்களுக்குப் போத்திக்க எல்லாத்தையும் எடுத்துக் குடுத்தா. இப்ப யார் துணி யாரோடதுன்னே தெரியல ஆன்ட்டி. எதுக்குப் பெட்டி கட்டினேன்னு கேட்டா, சும்மா கட்டினேன், இனிமே வேணாம்னா.” கொட்டாவியை அடக்கிக்கொண்டாள். “எழுப்பட்டுமா அங்கிள்? நீங்க இவ்வளவு தூரம் வந்துட்டு, பார்க்காமப் போனா அவ அழுவா.”

ரொட்டிக்காரர் மூன்றாவது மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். திரை மூடியிருந்தது. ஒரு குரல் கொடுத்தால் போதும், பன்னு என்று ஒரே ஒரு குரல், அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவருவாள். அவர் மகளை அவருக்குத் தெரியாதா? ஊரே நடமாடுகிற இந்த வெயிலில் அவள் தூங்கியதாக அவருக்கு நினைவே இல்லை. பிறந்ததிலிருந்து ஒருநாள் கூட இல்லை.

“வேண்டாம்மா” என்றார். “எழுப்பாத. எந்திரிச்சா, அப்பா அம்மா நல்லபடியாக் கிளம்பிட்டாங்கன்னு சொல்லு. இனிமே காலையில கூப்பிட மாட்டேன். நேரம் கிடைக்கறப்ப அவளையே கூப்பிடச் சொல்லு.”

மனைவி கூடையில் மிச்சமிருந்த பன்னையெல்லாம் நெட்டைக்காரியின் போர்வைக்குள் போட்டாள். “நீயும் போய்த் தூங்கும்மா.”

அந்தப் பெண் படியேறிப் போனதும் ரொட்டிக்காரர் வண்டியில் ஏறிச் சாவியைச் செருகினார். திருகவில்லை. கடை வண்டிக்கு வயசாகிவிட்டது, கிளம்பும்போது ஒரு தெருவையே எழுப்பிவிட்டுத்தான் கிளம்பும். சாவியை உருவிக்கொண்டு கீழே இறங்கினார்.

“என்ன ஆச்சு?” என்றாள் மனைவி.

“சத்தம் போடும். வாசல் வரைக்கும் தள்ளிட்டுப் போயிடலாம்.”

மனைவி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் போய் நின்றாள். அவர் ஒரு கையால் கதவருகே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையைக் கதவில் ஊன்றித் தோளைக் கொடுத்தார். வண்டி நகர்ந்தது. காவல்காரர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, “வண்டி படுத்துடுச்சா?” என்று கேட்டுக்கொண்டே ஓடிவந்தார்.

“மெதுவாப் பேசுங்க” என்றார் ரொட்டிக்காரர். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக் கை இல்லை. “எம்பொண்ணு தூங்கறா.”

காவல்காரர் வாயை மூடிக்கொண்டு அவரும் ஒரு கை போட்டார். மூன்று பேருமாக அந்தக் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.